விண்டோஸ் மாறினால் விளையாட்டு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாண நகரில் கணினி திருத்துவது என் தொழில். 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதி விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியதிலிருந்து என் மேசைக்கு ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. மடிக்கணினியை நீட்டுபவர் தகப்பன். அவருக்குப் பின்னால் நின்று, "அண்ணா, என் விளையாட்டு போய்விடுமா?" என்று மெதுவாகக் கேட்பவர் மகன். சில நாட்களில் மகள். ஒரு தடவை கேட்டது தகப்பனே.

பள்ளிப் பாடப்புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்றும், மற்ற இடங்களில் இயங்குதளம் என்றும் சொல்லப்படுவதைக் கடைக்கு வருபவர்கள் எல்லோரும் விண்டோஸ் என்றே சொல்கிறார்கள். நானும் பெரும்பாலும் அப்படியே எழுதுகிறேன். திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். வாய்விட்டு வாசித்தால் எது என்று தெரிந்துவிடும்.

அண்ணா, விண்டோஸ் 11 போட்டால் விளையாட்டுகள் எல்லாம் அழிந்துவிடுமா?

எப்படிப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 10க்கு மேலேயே 11ஐ ஏற்றினால் விளையாட்டு, அதில் நீங்கள் சேமித்தவை, திரையின் பின்னணிப் படம் வரை எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். பிடிக்காவிட்டால் பத்து நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பலாம். வட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சி பகுதியில் இருந்த எதுவும் மிஞ்சாது.

என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கு இரண்டாவது வழிதான் விருப்பம். வேலை சுத்தமாக முடியும், பிறகு தலையிடி குறைவு. ஆகவே கணினியைக் கொடுக்கும்போதே "மேலே ஏற்றுகிறீர்களா, துடைத்துப் போடுகிறீர்களா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குக் கோபப்படும் கடையில் கொடுக்காதீர்கள்.

விளையாட்டைப் பென்டிரைவில் பிரதி செய்து புதிய கணினியில் ஒட்டினால் போதாதா?

முதலில், நீங்கள் பிரதி செய்தது விளையாட்டைத்தானா என்று பாருங்கள். மேசைத்திரையில் இருக்கும் சிறு படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது இரண்டு கிலோபைட் அளவுள்ள ஒரு குறுக்குவழி, வீட்டு வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மாதிரி. பலகையைக் கழற்றிக்கொண்டு போனால் வீடு கூட வராது.

நிறுவிய விளையாட்டு ஒன்று கணினிக்குள் மூன்று இடங்களில் பரவிக் கிடக்கிறது. விளையாட்டின் பெரிய கோப்புகள் ஒரு கோப்புறையில் இருக்கும். அது எங்கே நிறுவப்பட்டது, வரிசை எண் என்ன, கூட என்னென்ன துணைக்கருவிகள் தேவை என்பவை விண்டோஸின் குறிப்பேடான பதிவேட்டிலும் (ரெஜிஸ்ட்ரி) அதன் உள் கோப்புறைகளிலும் இருக்கும். நீங்கள் விளையாடிச் சேமித்தது மூன்றாவதாக வேறொரு மூலையில் இருக்கும். கோப்புறையை மட்டும் எடுத்துப் போவது முதலாவதை மட்டும் எடுப்பதாகும். சில விளையாட்டுகள் அப்படியும் ஓடும்; பல ஓடாது.

"விளையாட்டு டி பகுதியில் இருந்தது, சியை மட்டும்தானே துடைத்தேன்" என்பவர்களுக்கும் இதே பதில்தான். பெரிய கோப்புகள் டியில் பத்திரமாக இருக்கும். பதிவேடு சியோடு போயிருக்கும். சேமிப்பும் பெரும்பாலும் சியோடு போயிருக்கும், அதுதான் கொடுமை.

அப்படியென்றால் முதலில் எதை எடுத்து வைக்க வேண்டும்?

சேமிப்பை. விளையாட்டை நாளைக்கும் தரவிறக்கலாம், இறுவட்டை யாரிடமாவது இரவல் வாங்கலாம். நீங்கள் விளையாடிக் கடந்த தூரம் பெரும்பாலும் உங்கள் வட்டில் மட்டும்தான் இருக்கிறது.

இதை நான் கற்றுக்கொண்டது அடுத்தவர் செலவில். கொக்குவிலிலிருந்து ஒருவர் மடிக்கணினி கொண்டுவந்தார். "என்ன எடுத்து வைக்க வேண்டும்?" என்று கேட்டேன். "கலியாணப் படங்கள் மட்டும் போதும்" என்றார். படங்களை எடுத்தேன், துடைத்தேன், விண்டோஸ் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து மகன் தனியாகச் சைக்கிளில் வந்தான். கட்டிகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டில் இரண்டு வருடமாக நல்லூர்க் கோபுரத்தைத் தட்டுத் தட்டாகக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறான். உச்சிக் கலசங்களுக்குத் தங்கக் கட்டி தோண்டுவது மட்டும்தான் மிச்சமாம். மீட்பு மென்பொருள்களை இரவிரவாக ஓடவிட்டேன். எஸ்எஸ்டி வட்டில் துடைத்த இடத்தை வட்டே உள்ளே வெறுமையாக்கிவிடும், ஒன்றும் அகப்படவில்லை. அவன் அழவில்லை. "பரவாயில்லை அண்ணா" என்றான். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

இடம்பெயரும்போது அலுமாரியை விட்டுவிட்டுக் காணி உறுதியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போன ஊர் இது. எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்று இங்கே யாருக்கும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. கணினி விடயத்தில் மட்டும் ஏனோ எல்லோரும் அலுமாரியைத் தூக்குகிறோம்.

சேமிப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

ஆளுக்கொரு இடம் என்பதுதான் உண்மை. ஜிடிஏ சான் அண்ட்ரியாஸ், ஈஏ கிரிக்கெட் 07 போன்ற அந்தக் காலத்து விளையாட்டுகள் ஆவணங்கள் கோப்புறைக்குள் தம் பெயரிலேயே ஒன்றைத் திறந்து வைத்திருக்கும். 'மை கேம்ஸ்', 'சேவ்ட் கேம்ஸ்' என்ற கோப்புறைகளையும் பாருங்கள். புதியவற்றில் பல 'ஆப்டேட்டா' என்ற மறைந்த கோப்புறையைத் தேர்ந்தெடுக்கின்றன. விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் ஆப்டேட்டா என்ற சொல்லை இருபக்கமும் சதவீதக் குறியிட்டு எழுதி என்டர் தட்டினால் அதற்குள் இருக்கும் 'ரோமிங்' திறக்கும். ஒரு படி மேலே போனால் 'லோக்கல்', 'லோக்கல்லோ' என்ற மற்ற இரண்டும் தெரியும். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு ரோமிங்கில், புள்ளியில் தொடங்கும் தன் பெயர்க் கோப்புறைக்குள், 'சேவ்ஸ்' என்பதில் உலகங்களை வைத்திருக்கிறது. அந்தப் பையனின் கோபுரமும் அங்கேதான் இருந்தது.

விண்டோஸ் விஸ்டாவுக்கு முந்திய விளையாட்டுகளில் ஒரு சூழ்ச்சி உண்டு. அவை 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள், தமக்குப் பக்கத்திலேயே சேமிக்க முயலும். விஸ்டா முதல் விண்டோஸ் அதை அனுமதிப்பதில்லை. விளையாட்டுக்குத் தெரியாமலேயே அந்தக் கோப்புகளை 'ஆப்டேட்டா', 'லோக்கல்' வழியாக 'வேர்ச்சுவல்ஸ்டோர்' என்ற இடத்துக்குத் திருப்பி விடும். விளையாட்டின் கோப்புறையில் சேமிப்பைத் தேடிக் களைத்தவர்கள் இங்கே ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

எதுவும் தெரியாதபோது நான் செய்வது இதுதான். விளையாட்டைத் திறந்து, இரண்டடி நடந்து, சேமித்து, மூடுகிறேன். பிறகு உங்கள் பயனர் கோப்புறைக்குள் இன்று மாற்றப்பட்ட கோப்புகளை மட்டும் தேடச் சொல்கிறேன். சற்று முன் பிறந்த கோப்பு மேலே வந்து நிற்கும்.

எல்லா இடமும் தேடினேன், கோப்பே இல்லை. ஆனால் விளையாட்டு என் புள்ளிகளை நினைவில் வைத்திருக்கிறதே?

சிறிய விளையாட்டுகள் சில தம் கணக்கைப் பதிவேட்டிலேயே எழுதிவைக்கும். யூனிட்டி என்ற கருவியில் செய்தவற்றில் இது சாதாரணம். பதிவேட்டைக் காட்டும் 'ரெஜ்எடிட்' நிரலைத் திறந்து, 'கரன்ட் யூசர்' பகுதியில் 'சொஃப்ட்வேர்' என்பதற்குள் விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். அந்த ஒரு கிளையை மட்டும் வலது சொடுக்கில் 'எக்ஸ்போர்ட்' செய்யுங்கள். புதிய கணினியில் அந்தக் கோப்பை இருமுறை சொடுக்கினால் உள்ளே போய்விடும். மற்றக் கிளைகளில் கை வைக்க வேண்டாம். பதிவேட்டைத் 'துப்புரவு' செய்யப்போய் என் மேசைக்கு வந்த கணினிகள் பல.

ஆவணங்கள் கோப்புறை முழுவதையும் எடுத்தேன். புதிய கணினியில் ஒட்டியும் விளையாட்டு முதலிலிருந்து தொடங்குகிறது. ஏன்?

மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவின் வேலையாக இருக்கலாம். விண்டோஸ் 11 போடும்போது மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஆவணங்கள் கோப்புறை பல கணினிகளில் ஒன்டிரைவ் கோப்புறைக்குள் மாற்றப்படுகிறது. இப்போது உங்களிடம் ஆவணங்கள் என்ற பெயரில் இரண்டு இருக்கின்றன. நீங்கள் ஒட்டியது பழைய இடத்தில், விளையாட்டு பார்ப்பது ஒன்டிரைவுக்குள் இருக்கும் புதிய இடத்தில். கோப்புறையின் 'புரோப்பர்ட்டீஸ்' திறந்து 'லொகேஷன்' என்பதைப் பார்த்தால் எது உண்மையானது என்று தெரியும்.

பழைய கணினியிலிருந்து எடுக்கும்போதும் கவனம் தேவை. கோப்பின் பக்கத்தில் மேகத்தின் சிறு படம் இருந்தால் அது உங்கள் வட்டில் இல்லை, இணையத்தில் இருக்கிறது. இணையத்தில் இணைந்து அதை முழுதாக இறக்கிய பிறகே எடுங்கள்.

ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய விளையாட்டு 80 ஜிபி. மறுபடியும் தரவிறக்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 80 ஜிபி இறங்க ஏறத்தாழ 18 மணி நேரம் பிடிக்கும், உங்கள் மாதப் பொதியையும் விழுங்கிவிடும். அதே 80 ஜிபி பழைய யூஎஸ்பி 2 வழியாகவே வன்தட்டு ஒன்றுக்கு முக்கால் மணி நேரத்தில் போய்விடும்.

ஸ்டீம் கோப்புறைக்குள் 'ஸ்டீம்ஆப்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் 'கொமன்' என்பதில் விளையாட்டுகள் இருக்கின்றன. வெளியே 'ஆப்மானிஃபெஸ்ட்' என்று தொடங்கும் சிறு கோப்புகள் விளையாட்டுக்கு ஒன்றாக இருக்கின்றன. ஸ்டீம்ஆப்ஸ் முழுவதையும் வெளி வட்டில் எடுங்கள். புதிய விண்டோஸில் ஸ்டீமை நிறுவி, உங்கள் கணக்கில் நுழைந்து, பிறகு முழுதாக மூடுங்கள். மேலே இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் அது மூடாது. கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும், அங்கேயும் வெளியேற்றுங்கள். எடுத்ததை அதே இடத்தில் ஒட்டித் திறந்தால் விளையாட்டுகள் நிறுவியபடியே தெரியும். ஒவ்வொன்றின் 'புரோப்பர்ட்டீஸ்' பகுதியிலும் கோப்புகளைச் சரிபார்க்கும் பொத்தானை அழுத்துங்கள். விடுபட்டது ஏதாவது இருந்தால் அதை மட்டும் இறக்கிக்கொள்ளும். விளையாட்டு டி பகுதியிலேயே தப்பியிருந்தால் ஒட்டவும் தேவையில்லை. அமைப்புகளில் 'ஸ்டோரேஜ்' சென்று டியைச் சேர்த்தால் போதும்.

பழைய கணினி இன்னும் உயிரோடு இருந்தால் இதைவிட இலகுவான வழி உண்டு. 2023 பெப்ரவரியில் ஸ்டீம் ஒரு வசதியைக் கொண்டுவந்தது: ஒரே ரவுட்டரில் இணைந்த இரண்டு கணினிகள் விளையாட்டை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொள்ளும். விளையாட்டின் கோப்புகள் வீட்டுக்குள்ளேயே கை மாறுவதால் பொதியில் கை வைக்காது. இரண்டிலும் ஸ்டீம் திறந்திருக்க வேண்டும், அமைப்புகளில் இதை அனுமதித்திருக்க வேண்டும். நம் இணையப் பொதிகளுக்கென்றே யாரோ யோசித்துச் செய்தது போல இருக்கிறது.

எபிக் ஸ்டோரில் இலவசமாக எடுத்தவற்றுக்கும் இதே முறையா?

கொஞ்சம் ஏமாற்ற வேண்டும். புதிய கணினியில் அந்த விளையாட்டின் தரவிறக்கத்தைத் தொடங்குங்கள். ஓரிரு சதவீதம் போனதும் நிறுத்தி, எபிக்கை முழுதாக மூடுங்கள். அது திறந்து வைத்த கோப்புறைக்குள் உங்கள் பழைய கோப்புகளை ஒட்டுங்கள். மீண்டும் திறந்து தரவிறக்கத்தைத் தொடரச் சொன்னால், இருக்கும் கோப்புகளைச் சரிபார்த்து மிச்சத்தை மட்டும் இறக்கும்.

வெளி வட்டில் இடம் நிறைய இருக்கிறது. ஆனாலும் 'கோப்பு மிகப் பெரியது' என்கிறது.

வட்டு, கோப்புகளை அடுக்கும் ஃபேட்32 என்ற பழைய முறையில் இருக்கிறது. அம்முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, எவ்வளவு இடம் இருந்தாலும். இன்றைய விளையாட்டுகளில் அதைவிடப் பெரிய கோப்புகள் சாதாரணம். வட்டில் இருப்பதை வேறெங்காவது வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது வட்டு வெறுமையாகும். இதைச் சொல்லாமல் விட்டதற்காக ஒரு அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பிரதி பாதியில் நிற்கும்போது மின்சாரம் போய்விட்டது. எல்லாம் கெட்டுப்போயிருக்குமா?

'வெட்டி ஒட்டு' செய்யாமல் 'பிரதி' செய்திருந்தால் மூலம் பத்திரமாக இருக்கும். திரும்பத் தொடங்குங்கள். அதனால்தான் இடமாற்றத்தில் வெட்டவே கூடாது என்கிறேன். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடு முழுவதும் இருளில் போனது நினைவிருக்கும். மின்சாரச் சபையை நம்பலாம், குரங்கை நம்ப முடியாது. மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் ஒன்றுடன் செய்யுங்கள். ஸ்டீம், எபிக் விளையாட்டுகளை முன்பு சொன்னபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டைத் திறந்தால் ஏதோ டிஎல்எல் இல்லை என்று வருகிறது. அந்தக் கோப்பை இணையத்தில் தேடிப் போடலாமா?

வேண்டாம். நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் துணைக் கோப்புகளான டிஎல்எல்களைத் தனித்தனியாக விற்கும், கொடுக்கும் தளங்கள் வைரஸுக்கு வாசல். இரண்டாவது பதிலில் சொன்ன துணைக்கருவிகள் விடுபட்டிருப்பதுதான் இதன் பொருள். பெயர் 'டி3டிஎக்ஸ்9' என்று தொடங்கினால் மைக்ரோசொஃப்டின் 2010 ஜூன் டைரக்ட்எக்ஸ் தொகுப்பு வேண்டும். விண்டோஸ் 11இல் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே என்று வாதாடுவார்கள். அது இருந்தாலும் 9இன் இந்தத் துண்டுகள் அதில் வராது. 'எம்எஸ்விசி' என்று தொடங்கினால் விஷுவல் சி++ தொகுப்பு. 64 பிட் கணினியிலும் அதன் 32 பிட் பதிப்பையும் சேர்த்தே போடுங்கள், பழைய விளையாட்டுகள் அதைத்தான் கேட்கும். பழைய விளையாட்டு 'டைரக்ட்பிளே' கேட்டால், 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் அதைத் தேடிச் சரி குறி போடுங்கள்.

2005 இல் வாங்கிய இறுவட்டு. விண்டோஸ் 7இல் ஓடியது, 11இல் அசையவே இல்லை. இறுவட்டு பழுதா?

பெரும்பாலும் இறுவட்டில் பழுது இல்லை. அந்தக் காலத்து இறுவட்டுகள் பலவற்றில் கள்ளப் பிரதியைத் தடுக்க சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. அந்தப் பூட்டு விண்டோஸின் உள்ளே ஆழமாக ஓடும் ஒரு நிரலை நம்பியிருந்தது. அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2015 இல் வந்த விண்டோஸ் 10இல் மைக்ரோசொஃப்ட் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் முடக்கியது. ஆக, காசு கொடுத்து அசல் இறுவட்டு வாங்கியவர் வெளியே நிற்க, பூட்டை உடைத்த பிரதி வைத்திருந்தவர் உள்ளே விளையாடுகிறார். நியாயம் இல்லைதான்.

இன்னொரு காரணம், விண்டோஸ் 95 காலத்து விளையாட்டுகளில் விளையாட்டு 32 பிட்டாக இருந்தாலும் நிறுவும் நிரல் 16 பிட்டாக இருக்கும். 64 பிட் விண்டோஸில் 16 பிட் ஓடாது, விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது. வலது சொடுக்கில் வரும் பொருத்தப்பாட்டு முறையை முயலலாம். இந்த இரண்டு நோய்க்கும் அது மருந்தல்ல. ஜிஓஜி என்ற தளம் 2008 முதல் பழைய விளையாட்டுகளைப் பூட்டு நீக்கி, இன்றைய விண்டோஸில் ஓடும்படி விற்கிறது. அதன் நிறுவல் கோப்பை ஒருமுறை இறக்கி வெளி வட்டில் வைத்துக்கொண்டால், அடுத்த விண்டோஸுக்கு இந்தப் பக்கம் முழுவதும் தேவைப்படாது.

டேவ், பிரின்ஸ் ஒஃப் பெர்சியா எல்லாம் இனி அவ்வளவுதானா?

அவைதான் மிகச் சுகமாகப் போகும். விண்டோஸுக்கு முந்திய டொஸ் இயங்குதளத்தின் விளையாட்டுகளுக்குப் பதிவேடு தெரியாது, ஒரே கோப்புறைக்குள் எல்லாம் அடங்கும். டொஸ்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி அந்தக் கோப்புறையைக் காட்டினால் விண்டோஸ், லினக்ஸ், மாக் என எந்த இயங்குதளத்திலும் ஓடும். 1990 இல் டொஸுக்கு வந்த இளவரசன் இன்றும் அதே பள்ளத்தில்தான் விழுகிறான்.

நண்பனிடம் வாங்கிய பிரதி. புதிய விண்டோஸ் 'வைரஸ்' என்று அழிக்கிறது. விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை நிறுத்திவிடலாமா?

கள்ளப் பிரதியா என்று நான் கேட்கமாட்டேன், நீங்களும் சொல்ல மாட்டீர்கள். பூட்டை உடைக்கும் நிரல்களில் உண்மையிலேயே வைரஸ் உள்ளவையும் இருக்கின்றன, இல்லாதவையும் இருக்கின்றன. இரண்டையும் வெளியிலிருந்து பிரித்தறிய உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. அந்தக் கணினியில்தான் அப்பா வங்கிக் கணக்கைத் திறக்கிறார். நிறுத்த வேண்டாம். சேமிப்பை மட்டும் எடுத்து வையுங்கள். விலைக்கழிவில் அசலை வாங்கும் நாளில் பெரும்பாலும் அதிலேயே தொடரலாம்.

டிபிஎம் இல்லாத கணினியில் காணொளி பார்த்து விண்டோஸ் 11 போட்டேன். எல்லாம் ஓடுகிறது, வலோரண்ட் மட்டும் திறக்கவில்லை.

டிபிஎம் என்பது கணினியின் பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0, பாதுகாப்பான தொடக்கம் ஆகிய சோதனைகளைச் சுற்றிக் கடக்கும் வழிகள் உண்டு. விண்டோஸை ஏமாற்றிவிட்டீர்கள். வலோரண்டின் ஏமாற்றுத் தடுப்பு நிரலான வான்கார்ட் விண்டோஸ் 11இல் அதே இரண்டையும் தானே தனியாகச் சோதிக்கிறது, அது ஏமாறாது. உங்கள் கணினியில் உண்மையில் டிபிஎம் இல்லையா, அல்லது கணினியின் தொடக்க அமைப்பான பயோஸில் அணைந்து கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்டெல்லில் 'பிடிடி', ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் இருக்கும். எட்டாம் தலைமுறை இன்டெல் கணினிகளிலேயே அது அணைந்து கிடப்பதைக் கண்டிருக்கிறேன்.

அந்தச் சுற்று வழிக்குப் பதில் லினக்ஸ் போட்டால் விளையாட்டுகள் ஓடுமா?

நீங்கள் என்ன விளையாடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓடவைக்கும் வைன் என்ற முயற்சி 1993 முதல் நடக்கிறது. 2018 ஓகஸ்டில் ஸ்டீம் அதன் மேல் கட்டிய புரோட்டன் வந்த பிறகு, தனியாக விளையாடும் விளையாட்டுகளில் பெரும்பகுதி தொந்தரவில்லாமல் ஓடுகிறது. டோட்டா 2, கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. ஏமாற்றுத் தடுப்பு உள்ளவற்றில்தான் சுவர். வலோரண்ட், ஃபோர்ட்நைட் ஓடாது. ஜிடிஏ 5இன் கதையை விளையாடலாம். 2024 செப்டெம்பருக்குப் பிறகு அதன் ஒன்லைன் பகுதி லினக்ஸில் இல்லை. நண்பர்களோடு மாலையில் வலோரண்ட் விளையாடுபவருக்கு நான் லினக்ஸ் போட்டுக் கொடுப்பதில்லை. மறுநாள் காலையிலேயே திரும்பி வருவார்.

லினக்ஸ் போட்டேன். பழைய வட்டில் இருக்கும் ஸ்டீம் விளையாட்டை அங்கிருந்தே திறந்தால் தொடங்காமல் மூடுகிறது. சேமிப்பை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

பழைய வட்டு என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கிறது. புரோட்டன் உருவாக்கும் சில கோப்புகளும் இணைப்புகளும் அதில் சரியாக அமையாது. விளையாட்டை லினக்ஸின் சொந்த வட்டுப் பகுதிக்குப் பிரதி செய்யுங்கள். ஸ்டீம் பற்றிய பதிலில் சொன்ன அதே முறைதான், ஸ்டீம்ஆப்ஸ் கோப்புறை இங்கேயும் அதே அமைப்பில் இருக்கிறது.

சேமிப்புக்கு, விளையாட்டை ஒருமுறை திறந்து மூடுங்கள். அப்போது ஸ்டீம்ஆப்ஸுக்குள் 'கொம்பாட்டேட்டா' என்பதில் விளையாட்டின் எண்ணோடு ஒரு கோப்புறை உருவாகும். அதற்குள் 'பிஎஃப்எக்ஸ்', 'டிரைவ் சி', 'யூசர்ஸ்', 'ஸ்டீம்யூசர்' என்று இறங்கினால் ஒரு குட்டி விண்டோஸே தெரியும்: ஆவணங்கள், ஆப்டேட்டா எல்லாம். விண்டோஸில் எந்த இடத்திலிருந்து எடுத்தீர்களோ, இங்கே அதே இடத்தில் வையுங்கள். எண் எது என்று அறிய, ஸ்டீம் கடையில் அந்த விளையாட்டின் பக்க முகவரியைப் பாருங்கள்.

புதிய கணினியில் என் பெயரைத் தமிழில் வைத்தேன். அதன் பிறகு பழைய விளையாட்டுகள் சேமிக்கவே மாட்டேன் என்கின்றன. தமிழுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது, எனக்கும் அது வருத்தம்தான். கணக்கைத் தமிழ்ப் பெயரில் தொடங்கினால் பயனர் கோப்புறையின் பெயரும் தமிழில் அமையும். பழைய விளையாட்டுகள் யூனிகோடு அறியாதவை. கோப்புறைப் பெயர்களை விண்டோஸின் பழைய குறிமுறைகளில்தான் வாசிக்கும். ரஷ்ய மொழிக்கும் ஜப்பானிய மொழிக்கும் அந்தப் பழைய குறிமுறை உண்டு. தமிழுக்கு விண்டோஸில் அது எப்போதுமே இருந்ததில்லை. ஆகவே உங்கள் பெயர் அந்த விளையாட்டுக்கு வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிகிறது, அப்படி ஒரு கோப்புறை இல்லை என்று அது கைவிடுகிறது.

கணக்கின் பெயரை இப்போது ஆங்கிலத்துக்கு மாற்றினாலும் கோப்புறையின் பெயர் மாறாது. ஆங்கில எழுத்தில் புதிய கணக்கொன்றைத் தொடங்கிக் கோப்புகளை அங்கே கொண்டுபோங்கள். பிறகு அந்தக் கணக்கின் காட்சிப் பெயரைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கோப்புறை ஆங்கிலத்தில் நிற்கும், திரையில் உங்கள் பெயர் தமிழில் வரும்.

கனடாவிலிருந்து மாமா மாக்புக் கொண்டுவந்தார். விண்டோஸில் இருந்தவற்றை அதில் போடலாமா?

விளையாட்டுக் கோப்புகளைக் கொண்டுபோவதில் பயன் இல்லை. மாக் பதிப்பு இருந்தால் புதிதாக இறக்க வேண்டும். 2019 இல் வந்த காட்டலினா என்ற மாக் இயங்குதளம் முதல் 32 பிட் நிரல்கள் மாக்கில் ஓடாது. 2020 நவம்பரிலிருந்து வரும் ஆப்பிளின் சொந்தச் சில்லுள்ள மாக்குகளில் விண்டோஸைப் பக்கத்தில் நிறுவும் பூட் காம்ப் வசதியும் இல்லை. மைன்கிராஃப்ட் ஜாவா உலகங்களும் முன்பு சொன்ன டொஸ் விளையாட்டுகளும் அப்படியே பொருந்தும். மாமாவுக்கு நன்றி சொல்லிவிட்டு அதில் படியுங்கள்.

சேமிப்பைச் சரியான இடத்தில்தான் வைத்தேன். ஸ்டீமைத் திறந்ததும் பழைய நிலைக்குப் போய்விட்டது!

ஸ்டீம் இணையத்தில் வைத்திருக்கும் பிரதி, அதாவது மேகச் சேமிப்பு, நீங்கள் ஒட்டியதை அழித்து அதன் மேல் எழுதியிருக்கிறது. பழைய கணினியில் கடைசி நாட்களில் இணையம் இல்லாமல் விளையாடியிருந்தால் ஸ்டீமின் மேகத்தில் இருப்பது பழைய பிரதி. முரண்பாடு தெரிந்தால் ஸ்டீம் 'கணினியில் இருப்பதா, மேகத்தில் இருப்பதா?' என்று கேட்கும், பக்கத்தில் திகதியும் நேரமும் காட்டும். அவசரத்தில் அழுத்தாமல் திகதியை வாசியுங்கள். கேட்கவே இல்லையென்றால், விளையாட்டின் 'புரோப்பர்ட்டீஸ்' பகுதியில் மேகச் சேமிப்பை நிறுத்தி, வெளி வட்டில் இருக்கும் பிரதியை மறுபடி ஒட்டி, திறந்து, புதிதாக ஒருமுறை சேமித்த பிறகு மேகத்தைத் திறந்துவிடுங்கள். எல்லா விளையாட்டுக்கும் மேகச் சேமிப்பு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கடைப்பக்கத்தில் அதற்கான குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

பழைய வன்தட்டை எப்போது துடைக்கலாம்?

புதிய கணினியில் விளையாட்டைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறதா என்று பார்த்து, சேமித்து, கணினியை அணைத்து, மறுநாள் மீண்டும் திறந்து அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் ஒரு மாதம் மேசை இலாச்சியில் கிடக்கட்டும். துடைப்பதற்கு முன் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், மிகச் சின்னவரிடமும். நான் இப்போது தகப்பனிடம் கேட்ட பிறகு, பின்னால் நிற்பவரை முன்னால் கூப்பிட்டுக் கேட்கிறேன்.